பள்ளிக்கு எவ்வளவு குறைகிறது என்பது கம்பெனியின் ரகசியம் அல்ல

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ஒரு புறநகரில் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். எங்கள் சிட்டி கவுன்சில் அஜெண்டாவில் ஒரு மரத்தின் பெயரை வைத்து 'ப்ராஜெக்ட்' என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. டேட்டா சென்டர் என்கிறார்கள். 10 வருடத்துக்கு 75 சதவீதம் சொத்து வரி விலக்காம். எந்தக் கம்பெனி என்று கேட்டால், ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், சொல்ல முடியாது என்கிறார் கவுன்சிலர். இதே நவம்பரில், பள்ளிக்கு நிதி போதவில்லை என்று எங்கள் வரியை ஏற்ற வாக்கெடுப்பும் வருகிறது. இப்படி மறைக்கச் சட்டத்தில் இடம் உண்டா? நாங்கள் எதை, எங்கே போய்க் கேட்பது? இன்னும் விசாவில் இருப்பவர்கள் நாங்கள், நமக்கு எதற்கு வம்பு என்கிறார் கணவர். ரொம்பக் குடைந்தால் கம்பெனி பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று அக்கம்பக்கத்தவர்களும் பயப்படுகிறார்கள். (பெயர், ஊர், மாநிலம் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உள்ளாட்சி அமைப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள், ஒன்று வரி விலக்கு, இன்னொன்று பள்ளிக்கான வரி உயர்வு. இரண்டும் தனித்தனி விஷயம் போலத்தான் உங்கள் ஊரில் பேசப்படும், தனித்தனிக் கூட்டத்தில், தனித்தனி ஆட்களால். ஆனால் பணம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. பல மாநிலங்களில் சொத்து வரியின் பெரும்பங்கு பள்ளிக்குத்தான் போகிறது. கவுன்சில் ஒரு கட்டடத்துக்கு 75 சதவீதம் விலக்குக் கொடுத்தால் அதில் பெரும்பாலும் கவுன்சிலின் பங்கு கொஞ்சம், பள்ளியின் பங்கு நிறைய. முடிவெடுப்பவர் ஒருவர், வருமானத்தை இழப்பவர் இன்னொருவர். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாயால் சொல்வதைவிட ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் வெறும் உதாரணத்துக்குத்தான். கட்டடமும் அதன் இயந்திரங்களும் சேர்ந்து 20 கோடி டாலர் மதிப்பு, மொத்த வரி விகிதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 40 லட்சம் டாலர் வரி வர வேண்டும். 75 சதவீதம் விலக்கு என்றால் 30 லட்சம் போய்விடும், 10 வருடத்தில் 3 கோடி. பள்ளியின் பங்கு 60 சதவீதமாக இருந்தால் அதில் 1 கோடியே 80 லட்சம் பள்ளியின் கணக்கில் விழ வேண்டியது. டேட்டா சென்டர் கட்டி முடிந்த பிறகு அதிகம் பேருக்கு வேலை தரும் தொழில் அல்ல. 60 நிரந்தர வேலை என்றால் ஒரு வேலைக்கு 5 லட்சம் டாலர் விட்டுக்கொடுத்ததாக ஆகிறது. இது சரியா தவறா என்று நான் சொல்ல வரவில்லை, காலியாகக் கிடந்த நிலத்திலிருந்து மீதி 25 சதவீதமாவது வருகிறதே என்று ஒருவர் வாதாடலாம், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கலாம். ஆனால் உங்கள் ஊரின் உண்மையான எண்களை வைத்து இந்தக் கணக்கைப் போட ஊர்மக்களுக்கு முடிய வேண்டும், அதுவும் வாக்கெடுப்புக்கு முன்னால் முடிய வேண்டும். வெளிப்படைத்தன்மை என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, மறைக்கச் சட்டத்தில் இடம் உண்டா? ஓரளவு உண்டு. பேச்சுவார்த்தை நடக்கும்போது கம்பெனியின் பெயரை வெளியிடாமல் இருக்கவும், மூடிய அறையில் அதைப் பற்றிப் பேசவும் பல மாநிலச் சட்டங்கள் அனுமதிக்கின்றன. நிலத்தின் விலை ஏறிவிடும், போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இறுதி வாக்கு பொதுக்கூட்டத்தில்தான் நடக்க வேண்டும். அதோடு, கவுன்சிலர் போட்ட கையெழுத்து மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்துக்கு மேலே போக முடியாது. சட்டம் எதை ரகசியம் என்று விலக்கியிருக்கிறதோ அதை மட்டும்தான் மறைக்கலாம், 'நாங்கள் வாக்குக் கொடுத்துவிட்டோம்' என்பது ஒரு விலக்கு அல்ல. அந்த ரகசிய ஒப்பந்தமே கூட ஓர் அரசு ஆவணம்தான், அதன் நகலைக் கேளுங்கள். யார் எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டார்கள், எதையெல்லாம் மறைப்பதாக ஒத்துக்கொண்டார்கள் என்பது அதில் இருக்கும், பெயரைக் கருப்படித்துக் கொடுத்தாலும் மீதி உபயோகப்படும்.

'வணிக ரகசியம்' என்று சொல்லி மறைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆரகன் மாநிலத்தில் த டாலஸ் என்ற சிறு நகரத்தைப் பார்க்கலாம். அங்கே கூகுளின் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. அவை எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று த ஆரகோனியன் பத்திரிகை கேட்டது. அது வணிக ரகசியம் என்றது நகர நிர்வாகம். இல்லை, கொடுக்கத்தான் வேண்டும் என்று கவுண்டியின், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற அமைப்பின், அரசு வழக்கறிஞர் சொன்னார். அப்போதும் கொடுக்காமல் 2021இல் நகரமே பத்திரிகை மீது வழக்குப் போட்டது. ஓராண்டுக்கும் மேல் இழுத்து 2022 டிசம்பரில் சமரசமாகி எண்கள் வெளியே வந்தபோது, ஊர் செலவழிக்கும் மொத்தத் தண்ணீரில் கால் பங்குக்கும் மேல் அந்த டேட்டா சென்டர்களுக்குப் போவது தெரிந்தது. எண் வெளியான பிறகும் அந்த டேட்டா சென்டர்கள் அங்கேயேதான் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் தண்ணீர், மின்சாரக் கட்டணச் சலுகை ஏதாவது சேர்த்துக் கொடுக்கிறார்களா என்று மறக்காமல் கேளுங்கள், சலுகை எப்போதும் வரி என்ற பெயரில் மட்டும் வருவதில்லை.

இனி எங்கே தேடுவது. எல்லாரும் நேராக கவுன்சில் கூட்டத்துக்குப் போய் மைக் முன்னால் நிற்கிறார்கள், அது தவறில்லை, ஆனால் அதற்கு முன் உங்கள் ஊரின் ஆண்டு நிதி அறிக்கையைத் திறந்து பாருங்கள். நகரத்தின் இணையதளத்தில் ஃபைனான்ஸ் பக்கத்தில் இருக்கும். சுமார் இருநூறு பக்கம் இருந்தாலும் பயப்பட வேண்டாம், நடுவில் 'நோட்ஸ்' என்று ஒரு பகுதி வரும், அதில் 'டாக்ஸ் அபேட்மென்ட்ஸ்' என்று தேடுங்கள். அரசு அமைப்புகளுக்கான கணக்கியல் விதிகளை வகுக்கும் காஸ்பி என்ற வாரியம் 2015இல் 77ஆம் எண் விதியைக் கொண்டுவந்தது. அதன்படி, விலக்குக் கொடுத்ததால் அந்த வருடம் எவ்வளவு வரி வராமல் போனது, எந்தத் திட்டத்தின் கீழ் கொடுத்தார்கள், வாக்குத் தவறினால் திரும்ப வாங்க வழி இருக்கிறதா என்பதையெல்லாம் அந்தக் குறிப்பில் எழுத வேண்டும். பெரும்பாலும் அரைப் பக்கம்தான் இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அதே விதிப்படி, வேறோர் அரசு அமைப்பு கொடுத்த விலக்கால் தன் வருமானம் எவ்வளவு குறைந்தது என்பதைப் பள்ளி மாவட்டமும், அதாவது உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பும், தன்னுடைய அறிக்கையில் எழுத வேண்டும். ஆகவே பள்ளி மாவட்டத்தின் நிதி அறிக்கையையும் எடுங்கள். நவம்பர் வாக்கெடுப்பில் பள்ளி கேட்கும் தொகை ஒரு பக்கம், ஏற்கெனவே கொடுத்த விலக்குகளால் பள்ளி வருடந்தோறும் இழக்கும் தொகை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். ஆவேசமாகப் பேசுவதைவிட அந்த ஒரு தாள் அதிக வேலை செய்யும், இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்தக் குறிப்பில் ஓட்டைகளும் உண்டு. கம்பெனியின் பெயரைப் போட வேண்டும் என்று விதி சொல்லவில்லை. வரும் வருடங்களில் எவ்வளவு போகும் என்றும் சொல்ல வேண்டியதில்லை, வேலை எத்தனை வந்தது என்பதும் இருக்காது. 'டிஃப்' என்கிறார்களே, ஒரு பகுதியில் கூடுதலாக வரும் வரியை அந்தப் பகுதியின் திட்டத்துக்கே திருப்பிவிடும் ஏற்பாடு, அதில் பல வகைகள் இந்தக் குறிப்புக்குள் சிக்காமல் நழுவிவிடுகின்றன. சில சிறிய ஊர்கள் இந்தக் கணக்கியல் முறையையே பின்பற்றுவதில்லை. குறிப்பு இல்லை என்றால் விலக்கே இல்லை என்று அர்த்தம் செய்துகொள்ளாமல், ஏன் இல்லை என்று நிதி அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கூடவே, குட் ஜாப்ஸ் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு 2010 முதல் நடத்தும் 'சப்சிடி டிராக்கர்' என்ற இலவசத் தரவுத்தளத்தில் உங்கள் ஊர், மாநிலத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். கம்பெனியின் பெயர் வெளியானதும் அதையும் போட்டுப் பார்த்தால், வேறு எந்தெந்த ஊர்களில் என்னென்ன வாங்கியிருக்கிறது என்று தெரியும்.

அப்புறம் ஆவணக் கோரிக்கை. மத்திய அரசின் தகவல் சட்டம் உங்கள் நகரத்துக்குப் பொருந்தாது, மாநிலச் சட்டத்தின் கீழ்தான் கேட்க வேண்டும். ஒரு மின்னஞ்சல் போதும், பெரும்பாலும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'இந்தத் திட்டம் பற்றிய எல்லாமே வேண்டும்' என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் தேடும் செலவு என்று ஒரு பில் வரும், காலமும் இழுக்கும். வரைவு ஒப்பந்தம், கம்பெனி கொடுத்த விண்ணப்பம், செலவு எவ்வளவு பலன் எவ்வளவு என்று நகரம் செய்த அல்லது வெளியாளிடம் கொடுத்துச் செய்வித்த ஆய்வு, பள்ளி மாவட்டத்துக்கு அனுப்பிய அறிவிப்பு, நான் முன்பு சொன்ன ரகசிய ஒப்பந்தம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நகல் மின்னணு வடிவில் போதும் என்றும், மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள் என்றும், எந்தச் சட்டப்பிரிவின்படி மறைத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள். பதில் சொல்லும் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், இல்லினாயில் 5 வேலை நாள், கலிஃபோர்னியாவில் 10 நாள், சில மாநிலங்களில் நியாயமான காலத்துக்குள் என்று மட்டும்தான் இருக்கும்.

கலிஃபோர்னியா என்றதும் சொல்ல வேண்டும், அங்கே ஒரு நல்ல சட்டம் இருக்கிறது, 2014 முதல் நடைமுறையில் உள்ளது. உள்ளாட்சி அமைப்பு ஒரு கம்பெனிக்கு 1 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் சலுகை கொடுப்பதானால், யாருக்கு, எவ்வளவு, எத்தனை வருடம், எதற்காக, முழுநேர வேலை எத்தனை, பகுதிநேர வேலை எத்தனை, தற்காலிக வேலை எத்தனை என்பதையெல்லாம் முடிவெடுப்பதற்கு முன்பே இணையதளத்தில் போட்டு, பொது விசாரணை நடத்த வேண்டும். 5 வருடத்துக்குள் என்ன நடந்தது என்று அறிக்கை கொடுத்து மறுபடி மக்கள் முன்னால் நிற்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இதற்காகத் தொழிலெல்லாம் நின்றுபோய்விடவில்லை. உங்கள் மாநிலத்தில் இப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும், உங்கள் கவுன்சில் தானாகவே இப்படி ஒரு விதியைப் போட்டுக்கொள்வதைத் தடுக்கப் பொதுவாக எதுவும் இல்லை. ஆகவே கூட்டத்தில் 'இந்தத் திட்டம் வேண்டாம்' என்று சொல்வதைவிட 'இந்த விவரங்களை வெளியிட்டு 30 நாள் கழித்து வாக்கெடுங்கள்' என்று கேளுங்கள். திட்டத்தை ஆதரிக்கும் கவுன்சிலரும்கூட இதை எதிர்ப்பது கஷ்டம்.

கம்பெனி ஓடிப்போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன், இது உண்மையான பயம், உங்கள் அண்டை வீட்டார்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தைப் பல காலமாக ஆராயும் பொருளாதார அறிஞர் டிமதி பார்ட்டிக், வழக்கமான அளவிலான சலுகைகள் 100 கம்பெனியில் 2 முதல் 25 கம்பெனியின் முடிவைத்தான் மாற்றுகின்றன என்று 2018இல் மதிப்பிட்டார். அதாவது குறைந்தது நான்கில் மூன்று கம்பெனிகள் சலுகை இல்லாவிட்டாலும் அதே முடிவைத்தான் எடுத்திருக்கும். மின்சாரம், நிலம், ஃபைபர் இணைப்பு, ஆட்கள், சாலை இவற்றைப் பார்த்துத்தான் முதலில் இடம் தேடுகிறார்கள். ஆகவே நீங்கள் கேள்வி கேட்பதால் ஒரு டேட்டா சென்டர் ஊரைவிட்டு ஓடும் என்பதற்கு வாய்ப்பு குறைவு. இன்னொன்று, பெயர் வெளியே தெரிந்தாலே போய்விடும் ஒரு கம்பெனி 10 வருட வாக்குறுதியை எப்படிக் காப்பாற்றும் என்று கவுன்சிலும் யோசிக்க வேண்டும்.

வாக்குறுதி என்றால் விஸ்கான்சின் மாநிலத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2017இல் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியான ஃபாக்ஸ்கான் அங்கே மவுண்ட் பிளெசன்ட் என்ற ஊரில் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்றது. மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகை அறிவித்தது. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தினபோது அது 67.2 கோடி டாலர் முதலீடு, 1,454 வேலை, அதிகபட்சம் 8 கோடி டாலர் சலுகை என்று சுருங்கியது. நான் கவனிக்கச் சொல்வது எண் சுருங்கியதை அல்ல. மாநிலத்தின் சலுகை, வேலை கொடுத்தால்தான் பணம் என்று எழுதப்பட்டிருந்தது. ஒப்பந்தம் வெளியில் இருந்ததால் வருடந்தோறும் பத்திரிகைகள் எண்ணிப் பார்த்தன, இலக்கு எட்டாத வருடத்துக்கு மாநிலம் பணம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஊரும் கவுண்டியும் அப்படியில்லை, கடன் வாங்கி, வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து, சாலையும் குழாயும் முன்கூட்டியே போட்டுவிட்டன. போட்டது போட்டதுதான். நல்லவேளையாக, கட்டடம் எழுந்தாலும் எழாவிட்டாலும் 140 கோடி டாலர் மதிப்புக்கான சொத்து வரியைக் கம்பெனி கட்ட வேண்டும் என்று ஊர் ஒரு ஷரத்து போட்டிருந்தது, பின்னாளில் ஊரைத் தாங்கியவற்றில் அதுவும் ஒன்று. அதே நிலத்தில் ஒரு பகுதியில் இப்போது மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டர் கட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே உங்கள் ஊர் ஒப்பந்தத்தில் நீங்கள் முதலில் தேட வேண்டியது, ஊர் முன்னால் செலவழிக்கிறதா, கம்பெனி சொன்னதைச் செய்த பிறகு சலுகை கொடுக்கிறதா என்பது. அடுத்தது, வேலை எண்ணிக்கை 'உருவாக்க முயலும்' என்று இருக்கிறதா 'உருவாக்க வேண்டும்' என்று இருக்கிறதா என்பது. இந்த வித்தியாசம் கூட்டத்தில் வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள், தாளில்தான் இருக்கும். தவறினால் திரும்ப வாங்கும் ஷரத்து இருக்கிறதா, வேலையை யார் எண்ணுகிறார்கள், கம்பெனி தானே எழுதிக் கொடுப்பதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்களா, இல்லை சம்பளப் பதிவை யாராவது சரிபார்க்கிறார்களா, அந்த வருடாந்தர அறிக்கை பொது ஆவணமா என்றும் பாருங்கள்.

பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்தையும் விட்டுவிடாதீர்கள். சில மாநிலங்களில் பெரிய விலக்குக்குப் பள்ளி வாரியத்தின் ஒப்புதலே வேண்டும். லூயிசியானாவில் பல ஆண்டுகளாக மாநில வாரியம் ஒன்றே தொழிற்சாலைகளுக்குச் சொத்து வரி விலக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது, பள்ளிகளுக்கு வாயே இல்லை. 2016இல் ஆளுநர் உள்ளூர் அமைப்புகளுக்கும் அதில் முடிவு சொல்லும் உரிமை கொடுத்தார். 2018இல் ஈஸ்ட் பேட்டன் ரூஜ் ஆசிரியர்கள், எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான்மொபில் கேட்ட விலக்கை எதிர்த்து வேலையை நிறுத்திக் கூட்டத்துக்கு வருவோம் என்றார்கள். 2019 ஜனவரியில் பள்ளி வாரியம் விலக்கு கொடுக்க மறுத்துவிட்டது. உங்கள் பள்ளி வாரியத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்தத் திட்டம் பற்றி உங்களுக்கு எப்போது தெரியும், ஈட்டுத்தொகை ஏதாவது பேசியிருக்கிறீர்களா என்று மட்டும் கேளுங்கள். அவர்களுக்கே தெரியாமல் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கடைசியாக விசா. வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும், நவம்பரில் அது மட்டும் உங்களால் முடியாது. கவுன்சில் கூட்டத்தில் பேச, ஆவணம் கேட்க, வாரியத்துக்கு எழுத, பெரும்பாலான மாநிலங்களில் யாருக்கும் தடையில்லை. மைக்கில் பெயரும் முகவரியும் கேட்பார்கள், விசா நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வர்ஜீனியா, டென்னசி போன்ற சில மாநிலங்கள் மட்டும் ஆவணம் கேட்கும் உரிமை அந்த மாநிலக் குடிமக்களுக்கே என்று வைத்திருக்கின்றன, 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வர்ஜீனியாவின் வரம்பு செல்லும் என்றது. உங்கள் மாநிலம் அப்படியானால், குடியுரிமை உள்ள ஓர் அண்டை வீட்டாரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஒரு விதத்தில் அதுவே நல்லது, தனியாகக் கேட்பதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் நகரம் சீக்கிரம் பதில் சொல்லும். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், இது வம்பு அல்ல, வீட்டு வரி கட்டுபவர் கணக்குக் கேட்பது. அவரும் கூட்டத்துக்கு வந்தால் இன்னும் நல்லது.

கவுன்சிலில் வாக்கெடுப்பு எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை. பல ஊர்களில் இப்படிப்பட்ட தீர்மானம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாசிக்கப்பட வேண்டும், ஆனால் அவசரம் என்று சொல்லி ஒரே கூட்டத்தில் முடிப்பதும் உண்டு. ஆகவே நாளைக் காலை சிட்டி கிளார்க்குக்கு போன் போட்டு அது எத்தனையாவது வாசிப்பு என்று கேட்டுவிட்டு, ஆவணக் கோரிக்கையை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பதில் வந்ததும், கருப்படித்த பக்கங்களோடு சேர்த்தே எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.